பல்லி நடனமும் அதன் பண்பாடும்

அக்கா,

இன்று காலை லைனிங் துணி எடுக்கக் காஞ்சிபுரம் போனேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஏரிக்கரையைத் தாண்டியதும் ரோட்டோரக் களத்தில் நெல்லைக் குவித்து, மழைக்குப் பயந்து பழைய ஃப்ளெக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். வழக்கமாக அந்த மாதிரிக் குவியலின் மேல் யாராவது கட்சிக்காரரோ, மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்று நீ இருந்தாய். தலைகீழாக. கழுத்தில் ரோஜா மாலை, முகத்தில் ஊசி போடப் போகும்போது வரும் அந்தக் கண்டிப்பு. மாலைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பல்லி. மழையும் வெயிலும் தின்றது போக, 'நடனமும் அதன் பண்' என்ற எழுத்து மட்டும் மிச்சம்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தெரிந்தவர்கள் நெல்லின் மேல் படுத்திருக்கிறார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாங்கிக் குடித்தேன். உனக்கு எழுதவேண்டும் என்று அப்போதே தோன்றியது. நேரில் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், எழுத்தில் மட்டும் மரியாதை எதற்கு?

நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு உனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. முதலில் சைக்கிளிலும், அப்புறம் ஸ்கூட்டியிலும் கிராமம் கிராமமாகச் சுற்றி, இந்தத் தாலுகாவில் பாதிப் பேரைப் பிரசவத்தில் வெளியே இழுத்துப் போட்டவள் நீ. ஊரே உன்னை நர்சம்மா என்றது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாய். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் பகல் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்கு வந்து, பட்டன் டப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாய். நான் மிதிக்க மிதிக்க நீ பேசுவாய். என் வீட்டுக்காரர் போனபிறகு வந்த முதல் வருஷத்தை நான் அப்படித்தான் தாண்டினேன்.

அந்தச் சித்திரை மதியம் நீ ஸ்டூலில் உட்காரவே இல்லை. வாசலிலிருந்தே ஆரம்பித்தாய்.

"அடியே, வயிறு அலையாட்டம் போவுதுடி!"

யாருக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டேன்.

பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெண் வெயில் தாங்காமல் மயங்கி உட்கார்ந்துவிட்டாள், அவளை நீ வீட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தாய், மயக்கம் தெளிந்ததும் வழக்கம்போல ஜாதகம் வரை விசாரித்தாய். பெயர் மாலதி. கணவருடைய வேலை காரணமாக அவரோடு எகிப்தில் ரொம்ப வருஷம் இருந்தவர். அங்கே கற்றுக்கொண்ட பெல்லி டான்ஸை இப்போது சென்னையில் சொல்லித் தருகிறார்.

"பெல்லின்னா இன்னாம்மான்னு கேட்டேன். வயிறுன்னாங்க. வயித்துல டான்ஸா? நானு இத்தினி வருசமா வயித்துக்குள்ள ஆடறதத்தான் கைய வெச்சிப் பாத்துக்கினு கீறேன், வெளிய எங்க ஆடிச்சின்னு சொன்னேன். ஒடனே எழுந்து நின்னு, என் கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல ஆடிக் காட்டிட்டாங்கடி. அலை மேல ஆரம்பிச்சு கீழ எறங்குது. பிரசவத்துல முக்கு முக்குன்னு எத்தினி பேர அதட்டியிருப்பேன். எப்பிடி முக்கறதுன்னு எனக்கே இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாய். குரல் இறங்கியது.

"இந்த ஊர்ல ஒவ்வொருத்தி வயித்தையும் நான் பாத்துக்கீறேன். அவ அவ பாத்தது கெடையாது. கல்யாணம் ஆனதுல இருந்து முந்தானைய இழுத்து மூடிக்கினே கீறாளுங்க, இன்னாமோ திருடி வெச்சிக்கினா மாதிரி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எல்லாரையும் கூப்ட்டு ஒக்கார வெச்சி இத்தக் காட்டணும்."

"வாணாங்க்கா. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நல்லதுதான, ஒடம்புக்கு."

வேண்டாம் என்று சொன்ன என்னையே ஃப்ளெக்ஸ் கடைக்கும் கூட்டிப் போனாய். 'பெல்லி நடனமும் அதன் பண்பாடும்: பெண்களுக்கான ஒருநாள் பயிலரங்கம்' என்று உன் கையால் எழுதிக் கொடுத்தாய். மாலதி சொன்ன வாசகம் அது. பண்பாடு என்ற சொல் இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது உன் கணக்கு. பெல்லி என்ற சொல்லைக் கடைக்காரன் கேள்விப்பட்டிருக்கமாட்டான் என்பதை நாம் இருவருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் நின்றது. பல்லி நடனமும் அதன் பண்பாடும். நீ ஸ்கூட்டியை நிறுத்தியதுகூட ஞாபகமில்லாமல் இறங்கிப்போய்க் கடைக்காரனைப் பிடித்தாய். அவனுக்கு ஒரே பெருமை.

"நீங்க பெல்லின்னு எழுதிட்டிருந்தீங்க நர்சம்மா. வயசாயிடுச்சி, தப்பு வர்றதுதான். நானே பல்லின்னு திருத்திட்டேன். காஞ்சிபுரம் கோயில் தங்கப் பல்லி மாதிரி ஒண்ணு சைடுல வெச்சிக்கீறேன் பாருங்க, சும்மா தகதகன்னு கீது."

அதோடு விட்டானா? உன் படம் வேண்டும் என்று அவன் கேட்டபோது நான்தான் போனிலிருந்து உன் பணி நிறைவு விழாப் படத்தை அனுப்பியிருந்தேன். மாலையோடு இருக்கும் படம். அதைப் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிட்டு, வேடபாளையத்திலிருந்து இரண்டு பெண்கள் துக்கம் விசாரிக்க உன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது நீ. அவர்கள் அலறி முடித்ததும் உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்து, பயிலரங்குக்கு வருகிறோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாய்.

ஃப்ளெக்ஸை மாற்றி அடிக்கலாம் என்றேன். நீ அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய். "வாணாம். பெல்லின்னு போட்டா வாசல்ல ஆம்பளைங்கதான் நிப்பானுங்க. பல்லின்னா பொம்பளைங்க வருவாளுங்க. அந்தப் பல்லியே அழைச்சாரட்டும்."

பல்லி முதலில் அழைத்து வந்தது மண்டபத்துக்காரரை. கல்யாண மண்டபம் அவருடையது. எல்லையம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் சொல்லை மீறி அந்தத் தெருவில் ஒரு மைக் செட்கூடப் பாடாது. நாமே அவரைத் தேடிப் போக இருந்தபோது அவரே என் கடைக்கு வந்து நின்றார். முந்தின வாரம் அவர் தோளில் ஒரு பல்லி விழுந்திருந்ததாம்.

"அது இன்னா நடனம் நர்சம்மா?"

"ரொம்பப் பழைய ஆட்டமுங்க. வெளிநாட்ல இருந்து கத்துக்கினு வந்தவங்க சொல்லித் தராங்க. ஒடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பல்லி என்ற வார்த்தையை மட்டும் நீ வாயில் எடுக்கவில்லை. மண்டபத்தைச் சும்மாவே தருகிறேன், என் சம்சாரத்தையும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகு மறைந்ததும் நான் உன்னைப் பார்த்தேன். நீ பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்துவிட்டது. வயலில் நடவுக்குப் போகிறவர்கள், தறி வீட்டுப் பெண்கள், டீச்சர்கள், மாமியாரும் மருமகளுமாக ஜோடி ஜோடியாக. மாலதியைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு. ஒல்லியாக யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள் போல. வந்தவரோ மூக்குக்கண்ணாடி போட்டு, நம்மைவிட ஒரு சுற்றுப் பருமனாக, ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி இருந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா கை தூக்கினாள்.

"ஏம்மா, இடுப்புல வுழுந்தா இன்னா பலன்?"

மாலதிக்கு ஒரே சந்தோஷம். "நல்லா கேட்டீங்க. இந்த ஆட்டத்துல அதுதான் முக்கியம். இடுப்பு விழணும். ரெண்டு பக்கமும் மாறி மாறி விழணும்."

"ரெண்டு பக்கமுமா? எத்தினி பல்லிம்மா?"

இனியும் தாங்காது என்று நீ மேடையேறிவிட்டாய். மைக்கைத் தட்டி, தடுப்பூசி முகாமில் பேசும் அதே குரலில் சொன்னாய்: "கேளுங்க. இது பல்லி இல்ல, பெல்லி. வயிறு. வயித்த ஆட்டற ஆட்டம். புடிக்காதவங்க நாஷ்டா சாப்ட்டு கெளம்பலாம், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

நாஷ்டாவுக்குச் சொல்லியிருந்த பொங்கல் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை. பொங்கல் வருவதற்குள் மாலதி பேச ஆரம்பித்துவிட்டார். வந்தபிறகு பொங்கலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சினிமாவில் வருகிற மினுக்கு உடுப்பும் ஹோட்டல் மேடையும் பிற்பாடு வந்தவை என்றார். எகிப்தில் வீட்டுக்கு வீடு ஆடுகிற ஆட்டம் இது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு மருதாணி வைக்கும்போது கூடத்தில் பெண்கள் மட்டும் கூடி ஆடுவார்கள். ஒருத்தி இடுப்பில் ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டால் ஆட்டம் ஆரம்பம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். நகரத்துப் பவிசு இல்லாமல் நின்ற இடத்தில் ஆடுகிற ஒரு வகைக்குப் 'பலதி' என்று பெயராம். "நம்ம ஊருது, நாட்டுதுன்னு அர்த்தம். நாட்டுக்கோழின்னு சொல்றோமே, அந்த மாதிரி."

"அந்த ஊர்லயும் ஆம்பளைங்க ஜன்னல்ல எட்டிப் பாப்பானுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாப்பாங்க. அங்கயும் கதவ சாத்திடுவாங்க."

உடனே நாமும் சாத்தினோம். எல்லா ஜன்னல்களையும், கொக்கி போட்டு. பட்டுப்புடவைக் கரைத் துண்டுகளில் மாட்டுச் சலங்கை மணிகளைக் கோத்து நான் தைத்து வைத்திருந்த இடுப்புத் துணிகளை எல்லோருக்கும் கட்டிவிட்டேன். மாலதி பாட்டைப் போட்டார். போட்ட அடுத்த நிமிஷம் கரண்ட் போயிற்று. மாதப் பராமரிப்புக்காக அன்று சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். பேப்பர் படித்த ஆண்கள் யாரும் வீட்டில் சொல்லவில்லை. ஜெனரேட்டர் சாவி மண்டபத்துக்காரர் மடியில். அவரைக் கூப்பிட்டால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும்.

நீ அசரவில்லை. பின் தெருவில் இருக்கும் பம்பைக்காரர் ஏழுமலைக்குப் போன் போட்டாய். அவர் பிள்ளைகள் அத்தனை பேரையும் பிறக்கவைத்தவள் நீ, வரமாட்டேன் என்பாரா? இடுப்பில் இரட்டைப் பம்பையைக் கட்டிக்கொண்டு வந்தவரை, மாப்பிள்ளை அறைப் போர்வையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால், சுவரைப் பார்க்க நிறுத்தினாய்.

"நர்சம்மா, சாமி முன்னால வாசிச்சிக்கீறேன். மாப்ள ஊர்வலத்துல வாசிச்சிக்கீறேன். சொவுத்தப் பாத்துக்கினு வாசிச்சதில்ல."

"சொவுரு குத்தம் சொல்லாது. வாசிப்பா."

மாலதி கைதட்டி அந்த ஊர்த் தாளத்தைக் காட்ட, திரைக்குப் பின்னாலிருந்து அது கரகரத்த தொண்டையோடு நம் ஊர்க் குரலில் திரும்பி வந்தது. ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டம் என்றா சொல்வது? குடம் வைக்கவும், குழந்தை வைக்கவும், நெல் கூடைக்கு முட்டுக் கொடுக்கவும் மட்டுமே பழகிய இடுப்புகள் அவை. இடுப்பை ஆட்டச் சொன்னால் தலையோடு சேர்த்து மொத்த உடம்பும் தேர் மாதிரி அசைந்தது. "வயித்த மட்டும் உள்ள இழுங்க" என்று மாலதி கெஞ்சினார். "அது எங்கம்மா கீது, தனியா?" என்று கேட்டாள் ஒருத்தி. சலங்கை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், ஜன்னல் அடைத்த புழுக்கம் ஒரு பக்கம். மண்டபத்துக்காரர் சம்சாரம் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு, தாளமே இல்லாமல், ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவு இடிபட்டது.

நீ போய் ஒருக்களித்துத் திறந்தாய். நான் உன் பின்னால். மண்டபத்துக்காரரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் படியில் நின்றார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா நர்சம்மா பண்ணிக்கினு கீறீங்க உள்ள? பல்லின்னு சொல்லிட்டு இன்னா கூத்து இது? நாலு கல்யாணம் நடக்கற எடம். நாளைக்கி என் மண்டபத்துக்கு எவன் பொண்ணக் கூட்டியாருவான்?"

"பல்லின்னு நான் சொல்லவே இல்லீங்க."

"வாதம் வாணாம். எல்லாரையும் வெளிய அனுப்புங்க. இல்லன்னா கமிட்டியில வெச்சிப் பேச வேண்டி வரும். உங்க மரியாத உங்க கையில."

உன் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததே இல்லை. இந்த ஊரில் உன் சொத்தே அந்த மரியாதை ஒன்றுதான். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று திரும்பிவிட்டாய், அக்கா. எனக்குத் தெரியும், உன் கை என் தோளைப் பிடித்திருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த ஏழுமலைக்கு இதெல்லாம் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து வாசித்து வாசித்துச் சலித்துப்போன கை, தானாகவே பழகின பாதைக்குத் திரும்பியிருக்கவேண்டும். ஆடி மாதத்தில் எல்லையம்மனை வர்ணிக்கும்போது வாசிக்கும் அடி அது. சடசடவென்று ஏறியது. "கமிட்டியில" என்று மறுபடி ஆரம்பித்த மண்டபத்துக்காரர் வாய் திறந்தபடி நின்றார். தோள் ஒரு வெட்டு வெட்டியது. மேல்துண்டு கீழே விழுந்தது. "ஏய்ய்ய்" என்று ஒரு குரல், அவர் குரலே இல்லை. ஒரே எட்டில் உன்னையும் என்னையும் தாண்டி மண்டபத்தின் நடுவில் போய் நின்று ஆட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு ஆடியிலும் அவருக்குச் சாமி வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனியில் வந்தது அன்றுதான். சலங்கை கட்டிய பெண்கள் வட்டமாக ஒதுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் சம்சாரம் மட்டும், "இன்னிக்கி பிரஷர் மாத்திரகூடப் போடலியே" என்று கையைப் பிசைந்தார். யாரோ ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தார்கள். வெளியே நின்ற கமிட்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே கும்பிட்டார்கள். நீ நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"தாயே, எல்லையம்மா, வந்துட்டியா?"

"எவடி இங்க ஆடறது?"

"நாங்கதான் தாயே. உன் புள்ளைங்க."

"இன்னாத்துக்குடி ஜன்னல சாத்தினீங்க? வேக்காடா கீதுடி எனக்கு!"

ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. ஏரிக்காற்று உள்ளே வந்தது. நீ மணிக்கட்டை விடவில்லை.

"தாயே, இவுங்க இந்த ஆட்டம் ஆடலாமா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

ஏழுமலையின் பம்பை அடங்கியது. அம்மன் நம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏன், நான் ஆடலியா?"

கற்பூரம் ஏற்றினோம். சாமி மலையேறியது. மண்டபத்துக்காரர் மேடைப்படியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே சலங்கையும் பட்டுக்கரையுமாகச் சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்து மிரண்டார். என்ன நடந்தது என்று கேட்டார். அவர் சம்சாரம், தன் இடுப்புச் சலங்கையைக் கழற்றாமலே, ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஜெனரேட்டர் போடச் சொல்லட்டுமா நர்சம்மா?"

மாலதி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தோம். இல்லையாம். எகிப்தில் 'ஸார்' என்று ஒரு சடங்கு உண்டு, பெண்கள் கூடி முரசு தட்டுவார்கள், ஒருத்தி மேல் ஆவி இறங்கும், அதை யாரும் விரட்டமாட்டார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்புவார்கள் என்றார். "நான் அங்க இருந்தவரைக்கும் ஒரு தடவகூட அதப் பாக்கக் குடுத்து வெக்கல. இங்க வந்து பாப்பேன்னு நெனைக்கல." நீ ரொம்பக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அங்க ஆவி இன்னா கேக்கும்?" என்றாய். மோதிரம், புதுத் துணி, சிலசமயம் காப்பி என்றார் மாலதி. "நம்ம தாயி காத்துதான கேட்டா, பாவம்" என்றாய்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், நிஜமாகவே சாமி வந்ததா, இல்லை, அந்த ஆள் தப்பிக்க வழி பார்த்தாரா என்று. நீ நின்றுவிட்டாய். "நாடி புடிச்சிப் பாத்தேன்டி. குதிரையாட்டம் எகிறிக்கினு இருந்திச்சி. அப்பிடி நடிக்க எவனாலயும் ஆவாது. நீ கிண்டல் பண்ணாம வா." அம்மனிடம் வரம் கேட்டபடியே அம்மனுக்கு நாடி பார்த்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

ஆனால் எனக்குள் தங்கிப்போனது அன்று மதியம்தான். சாப்பிட்டு முடித்து வட்டமாக உட்கார்ந்தோம். மாலதி எல்லோரையும் வயிற்றில் கை வைக்கச் சொன்னார். அந்த வயிறு இதுவரை என்ன செய்தது என்று ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூணு பெத்துது என்றாள் ஒருத்தி. ரெண்டு பெத்து ஒண்ணு தங்கல என்றாள் அடுத்தவள். ஆபரேசன் பண்ணாங்க, இன்னும் சுருக்குனு கீது. பசிச்சா யார்கிட்டயும் சொல்லாது. இப்படியே வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பாதியில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. உன் முறை வந்தது.

"என்னுதா? அது ஒண்ணும் பண்ணல. பஸ்ஸில்லாத ஊர்ல, பிரசவம் ஆவற வரைக்கும் பட்டினி கெடந்துச்சி. அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பக்கத்தில் இருந்ததால் உன் கை புடவை மடிப்புக்குள் எப்படி அழுந்தியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மண்டபத்துக்காரர் சம்சாரம்தான் எழுந்து வந்து, அவர் பெரிய மகன் உன் கையில் பிறந்தவன் அல்லவா, குனிந்து உன் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. "த, இன்னா இது, கோயிலா, ஓடுங்கடி" என்று நீ விரட்ட விரட்ட வந்துகொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நீ ஆடினாய். ஜெனரேட்டர் ஓடியும் பாட்டு வேண்டாம், பம்பையே போதும் என்றாய். ஏழுமலைக்குத் திரையையும் அவிழ்த்துவிட்டாய். பெரிதாக ஒன்றும் அசையவில்லை, அக்கா, உண்மையைச் சொல்கிறேன். மூட்டு வலியோடு நின்ற இடத்திலேயே நின்றாய். கண்ணை மூடியிருந்தாய். இடுப்பு மட்டும் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொரு வட்டம். யாரும் கைதட்டவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக எழுந்து ஆட வந்தார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்ததும் நீ என்னைத்தான் பார்த்தாய்.

"எல்லாருக்கும் கட்டி வுட்டியே, உனக்கு எங்கடி?"

"எனக்கு இன்னாத்துக்குக்கா. நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க."

என்னைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாய். மீந்திருந்த துணியை, ரத்தம் எடுக்கும்போது கையில் இறுக்குவாயே அப்படி, என் இடுப்பில் இறுக்கினாய். காதோரமாகச் சொன்னாய்: "தாலியத்தான்டி அறுத்தாங்க. இடுப்ப ஆரும் அறுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு தானாக ஆடுகிறது. "அதான், அதேதான்!" என்று மாலதி கத்தினார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மண்டபம் நமக்கென்று ஆயிற்று. ஊர் அதைப் பல்லியாட்டம் என்றே சொல்லத் தொடங்கியது. முதுகுவலி போயிற்று என்றார்கள் சிலர். மாமியார் மருமகள் சண்டை குறைந்தது என்றார்கள். மாலதி மாதத்துக்கு ஒரு முறை வந்து, நாம் எல்லாவற்றையும் தப்பாகவே ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டு, நம்மோடு சேர்ந்து தப்பாக ஆடிவிட்டுப் போவார். மண்டபத்துக்காரர் ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டுக் கொடுத்தார்.

நீ போனதும் உன்னைப் போலவே அவசரம். ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், நாடியை நீயே பிடித்துப் பார்த்துக்கொண்டு, "டிரைவர அவசரப்படுத்தாதீங்க" என்றாய். காரியம் முடிந்து ரொம்ப நாள் நாங்கள் யாரும் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் ஒருவரைக் கூப்பிடாமலே எல்லோரும் போயிருந்தோம். அன்று ஆடவில்லை. அடுத்த வாரம் ஆடினோம்.

போன மாதம் என் மகனுக்குக் கல்யாணம். உனக்குத் தெரியாத செய்தி இது. பெண் ஏனாத்தூர்ப் பக்கம், நல்ல பெண். காஞ்சிபுரத்தில் வைத்து ரிசப்ஷன். பாட்டுப் போட்டதும் சின்னஞ்சிறுசுகள் மேடைக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பட்டுப்புடவையும் வெறும் நெற்றியுமாக முன்னால் போய் நின்றேன், மகன் ஆடுவதைப் பார்க்கவேண்டும் என்று. என் நாத்தனார் வந்து முழங்கையைப் பிடித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவள் வளர்ந்தது அப்படி.

"சம்மந்திங்க பாக்கறாங்க. நீ செத்த பின்னால வந்து நில்லு."

போனேன். பின்வரிசையில், தூணோரம், அவள் காட்டிய இடத்தில் நின்றேன். கை இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். பாட்டு மாறியது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பதும், வழி விடுவதும், என் மருமகள் மேடையிலிருந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதும் தெரிந்தது. சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாத்தனார் ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? பின்னால நில்லுன்னு சொன்னேன் இல்ல?"

"நீ சொன்ன எடத்துலதான் அண்ணி நின்னுக்கினு கீறேன்," என்றேன். "இடுப்புதான் கேக்கல."